அடியும் வேண்டாம், கைவிடவும் வேண்டாம்

(தில்லியில் ஒரு தமிழ்க் குடியிருப்பு. அங்குள்ள தொடர்கல்வி மையத்தில் படிப்போர் கூட்டம். அதில் எழுத்தறிவுத் தொண்டர் ஒருவர் பேசியது.)



நாள் முழுதும் வேலை செய்த களைப்போடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். பெரும்பாலும் ஐந்தாம் வகுப்பு வரை மாநகராட்சிப் பள்ளி. ஆறாம் வகுப்பிலிருந்து தில்லி அரசுப் பள்ளி. பிள்ளையைப் பள்ளியில் விடும்போது நம் பெரியவர்கள் வாத்தியாரிடம் ஒரு வார்த்தை சொல்வார்கள். "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் சார்" என்பார்கள்.

பிள்ளையின் மேல் பாசம் இல்லாமலா அப்படிச் சொன்னார்கள்? இல்லை. நாம் படிக்கவில்லை, பிள்ளையாவது படித்து முன்னுக்கு வர வேண்டும் என்ற ஆசையில் சொன்னார்கள். ஆசை சரி. வழி சரிதானா? இன்று அதைத்தான் பேசப் போகிறோம்.

பிள்ளைக்கு ஒழுங்கு வேண்டும். பிள்ளையின் மனமும் நலமாக இருக்க வேண்டும். ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை விட்டுவிடலாமா? கூடாது. இரண்டையும் எப்படிக் காப்பது? வாருங்கள், பார்ப்போம்.

ஒரு பையனின் கதை

எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். நமக்குத் தெரிந்த பல பிள்ளைகளைச் சேர்த்துச் செய்த ஒரு பையன்.

தில்லியில் பல அரசுப் பள்ளிகள் இரண்டு ஷிப்டாக நடக்கின்றன. காலையில் பெண் பிள்ளைகள். மதியத்துக்கு மேல் ஆண் பிள்ளைகள். இவனுக்கு மதிய ஷிப்ட். அம்மா காலை 6 மணிக்கே வீட்டு வேலைக்குப் போய்விடுவார். அப்பாவும் வேலை தேடிப் போய்விடுவார். மதியம் வரை பையன் தனியாக இருப்பான். எழுப்பவும் ஆள் இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்கவும் ஆள் இல்லை.

பள்ளிக்கு இவன் தாமதமாகப் போகிறான். வீட்டுப் பாடம் செய்வதில்லை. ஒரு நாள் இன்னொரு பையனை அடித்துவிட்டான். ஆசிரியர் கூப்பிட்டு ஏன் என்று கேட்டார். வாய் திறக்கவில்லை. முறைத்துக்கொண்டு நின்றான். ஆசிரியருக்குக் கோபம் வந்தது. எல்லோர் முன்னாலும் முர்கா போட வைத்தார். முர்கா என்றால் உங்களுக்குத் தெரியும். கோழியைப் போலக் குனிந்து, கால்களுக்கு இடையில் கையை விட்டு, காதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வகுப்பே சிரித்தது.

மறுநாள் பையன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். ஆனால் பள்ளிக்குப் போகவில்லை. பூங்காவில் போய் உட்கார்ந்தான். அடுத்த நாளும் அப்படியே. பத்து நாள் ஆயிற்று. பள்ளியிலிருந்து ஆள் வந்தது. "நாம் காட் தேங்கே" என்றார்கள். பெயரை வெட்டிவிடுவோம் என்று பொருள். அன்று இரவு அம்மாவும் அடித்தார்.

ஆசிரியர் அடித்தார். வகுப்பு சிரித்தது. அம்மா அடித்தார். ஆனால் ஒருவர்கூட "உனக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்கவில்லை.

கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அப்பாவுக்கு வேலை போய் மூன்று மாதம். வீட்டில் தினமும் இரவு சண்டை. பையனுக்குத் தூக்கம் இல்லை. வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் பாடம் இந்தியில். ஆசிரியர் வேகமாகச் சொல்வது பாதிதான் புரிகிறது. தெரியவில்லை என்று சொன்னால் மற்றவர்கள் "மதராசி" என்று கேலி செய்கிறார்கள். கேலி செய்தவனைத்தான் இவன் அடித்தான்.

இதனால் இவன் செய்தது சரியாகிவிடுமா? ஆகாது. அடிபட்ட பையனுக்கும் ஓர் அம்மா இருக்கிறார். அவர் மனமும் துடிக்கும். அடித்தது தவறு என்று இவனுக்குச் சொல்லத்தான் வேண்டும். தவறுக்கு ஈடு செய்ய வைக்கத்தான் வேண்டும். ஆனால் காரணத்தைக் கேட்காமல் கொடுத்த தண்டனையால் என்ன நடந்தது? அடிப்பதும் நிற்கவில்லை, கேலியும் நிற்கவில்லை. நின்றது அவன் படிப்பு மட்டும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

முன்பு தில்லியில் பள்ளிக்கல்வி விதிகள் என்று இருந்தன. 1973-ஆம் ஆண்டு விதிகள். அவற்றில் பிள்ளைகளை அடிப்பதற்கு இடம் இருந்தது. இதை எதிர்த்துப் பெற்றோர் அமைப்பு ஒன்று நீதிமன்றத்துக்குப் போனது. 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அடிக்க இடம் கொடுத்த விதி செல்லாது என்றது. பெற்றோர் சேர்ந்து போய் வாங்கிய தீர்ப்பு அது. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு 2009-இல் நாடு முழுவதற்கும் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கான சட்டம் இது. இதில் 17-ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? எந்தப் பிள்ளைக்கும் உடல் தண்டனை தரக் கூடாது. மனத் துன்பமும் தரக் கூடாது. மீறினால் அந்த ஊழியர் மீது பணி விதிகளின்படி நடவடிக்கை எடுக்க வேண்டும்.

உடல் தண்டனை என்றால் பிரம்படி மட்டும் அல்ல. கிள்ளுவது, காதைத் திருகுவது, வெயிலில் நிற்க வைப்பது, முர்கா போட வைப்பது எல்லாம் அதில் சேரும்.

மனத் துன்பம் என்றால் என்ன? "உன் மண்டையில் களிமண்தான்" என்பது. சாதியைச் சொல்லித் திட்டுவது. "உன் அம்மா பாத்திரம் தேய்க்கிறாள், நீயும் அதற்குத்தான் லாயக்கு" என்பது. எல்லோர் முன்னாலும் கேலி செய்வது. இதையும் சட்டம் தடை செய்கிறது. உடம்பில் தழும்பு இல்லை என்பதால் வலி இல்லை என்று ஆகாது.

பெயரை வெட்டுவோம் என்றார்களே, அதற்கும் பதில் இருக்கிறது. இதே சட்டத்தின் 16-ஆம் பிரிவைப் பாருங்கள். எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது. 2019-இல் இந்தப் பிரிவைத் திருத்தினார்கள். 5-ஆம் வகுப்பிலும் 8-ஆம் வகுப்பிலும் தேர்ச்சி பெறாத பிள்ளையை, மறு தேர்வு வைத்த பிறகு, அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாம் என்று மாற்றினார்கள். ஆனால் வெளியேற்றக் கூடாது என்பது மாறவில்லை. ஆகவே "நாம் காட் தேங்கே" என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். "சட்டத்தில் அப்படி இல்லையே ஜி" என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

அடி என்ன கற்றுத் தருகிறது?

2007-இல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் பிள்ளைகளிடம் கேட்டார்கள். தில்லியும் அதில் ஒன்று. பள்ளிக்குப் போகும் 3 பிள்ளைகளில் 2 பேர் பள்ளியில் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். சற்று யோசியுங்கள். அடித்தால் ஒழுங்கு வரும் என்றால், இத்தனை அடிக்குப் பிறகு நம் பள்ளிகளில் ஒழுங்குப் பிரச்சினையே இருந்திருக்கக் கூடாது அல்லவா?

அடித்தால் பிள்ளை அந்த நேரத்துக்கு அடங்கும். உண்மைதான். ஆனால் மனத்துக்குள் என்ன கற்றுக்கொள்கிறது? மாட்டிக்கொள்ளாமல் தப்பு செய்ய வேண்டும் என்று கற்றுக்கொள்கிறது. பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறது. பலம் உள்ளவன் பலம் இல்லாதவனை அடிக்கலாம் என்று கற்றுக்கொள்கிறது. வீட்டுக்கு வந்து தம்பியை அடிக்கிறது.

"அடியாத மாடு படியாது" என்று நம் ஊரில் சொல்வார்கள். உங்களில் பலர் மாடு வளர்த்தவர்கள். நீங்களே சொல்லுங்கள். நேற்று வரை நன்றாக இழுத்த மாடு இன்று படுத்துவிட்டால், தெரிந்த வண்டிக்காரர் என்ன செய்வார்? சாட்டையை எடுக்குமுன் கழுத்தைப் பார்ப்பார். நுகத்தடி உரசிப் புண் ஆகியிருக்கிறதா என்று பார்ப்பார். லாடம் கழன்றிருக்கிறதா என்று காலைத் தூக்கிப் பார்ப்பார். மாட்டுக்கே இத்தனை பார்க்கிறோம். நம் பிள்ளைக்குப் பார்க்க வேண்டாமா?

ஆசிரியர் பக்கமும் நியாயம் உண்டு

ஒரு பக்கம் மட்டும் பேசினால் அது நியாயம் ஆகாது. ஆசிரியரின் நிலையையும் பாருங்கள்.

ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருக்க வேண்டும்? ஐந்தாம் வகுப்பு வரை 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். சட்டம் இப்படிச் சொல்கிறது. ஆனால் இதைவிட அதிகமான பிள்ளைகளை வைத்துக்கொண்டு சமாளிக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பாடம் நடத்த வேண்டும். பதிவேடு எழுத வேண்டும். தேர்தல் வேலைக்கும் போக வேண்டும். "அடிக்காதே, திட்டாதே என்கிறீர்கள். வேறு என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லையே" என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

இன்னொன்றும் உண்டு. ஒழுங்கே வேண்டாம் என்று விட்டுவிட்டால் முதலில் கஷ்டப்படுவது யார்? சாதுவான பிள்ளை. வயதில் சின்னப் பிள்ளை. உடல் ஊனமுள்ள பிள்ளை. பெண் பிள்ளை. கட்டுப்பாடு இல்லாத வகுப்பில் பலசாலிப் பிள்ளைகள் வைத்ததுதான் சட்டம். ஆகவே ஒழுங்கு கட்டாயம் வேண்டும். எப்படிப்பட்ட ஒழுங்கு என்பதுதான் கேள்வி.

அடிக்காமல் ஒழுங்கு வருமா?

ரேஷன் கடை வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசை ஒழுங்காக நடப்பது எப்போது? முதலில் வந்தவருக்கு முதலில் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கடைக்காரரின் மச்சான் வந்தாலும் அதே விதி இருக்க வேண்டும். யாராவது நடுவில் புகுந்தால் உடனே "பின்னால் போங்கள்" என்று சொல்ல வேண்டும். இவை இருந்தால் யாரையும் அடிக்க வேண்டியதில்லை. வரிசை தானாக நிற்கும்.

பள்ளிக்கும் இதுவே பொருந்தும்.

1. விதிகள் குறைவாக இருக்க வேண்டும். ஐந்தோ ஆறோ போதும். சுவரில் எழுதி ஒட்ட வேண்டும். பிள்ளைகளிடம் கேட்டே விதிகளை எழுதினால் இன்னும் நல்லது.

2. விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் மார்க் வாங்கும் பிள்ளைக்கு ஒன்று, கடைசிப் பெஞ்சுப் பிள்ளைக்கு ஒன்று என்று இருக்கக் கூடாது.

3. தவறு செய்தால் உடனே கவனிக்க வேண்டும். தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும். ஊர் கூட்டி அவமானப்படுத்தக் கூடாது.

4. தவறுக்கும் தண்டனைக்கும் தொடர்பு இருக்க வேண்டும். சுவரில் கிறுக்கினால் சுவரைத் துடைக்க வேண்டும். புத்தகத்தைக் கிழித்தால் ஒட்டித் தர வேண்டும். இன்னொரு பிள்ளையை அடித்தால், அந்தப் பிள்ளையிடம் போய்ப் பேசி, மன்னிப்புக் கேட்டு, மறுபடி செய்யமாட்டேன் என்று ஆசிரியர் முன் சொல்ல வேண்டும்.

5. அதே தவறு திரும்பத் திரும்ப வந்தால், அது வெறும் குறும்பு அல்ல என்று புரிந்துகொள்ள வேண்டும். காரணத்தைத் தேட வேண்டும். பெற்றோரைக் கூப்பிட வேண்டும். திட்டுவதற்கு அல்ல, சேர்ந்து யோசிப்பதற்கு.

நாம் பார்த்த பையனையே எடுத்துக்கொள்வோம். அவன் அடித்தவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேலி செய்தவன் இவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இந்தி வாசிக்கத் தனியாக உதவி தர வேண்டும். தாமதமாக வரும் காரணத்தை அம்மாவிடம் பேச வேண்டும். இதில் ஒழுங்கும் இருக்கிறது, அன்பும் இருக்கிறது. அடி மட்டும் இல்லை.

மனத்துக்கும் நோய் வருமா?

வரும். உடம்புக்குக் காய்ச்சல் வருவதுபோல மனத்துக்கும் வரும். பெரியவர்களுக்கும் வரும். பிள்ளைகளுக்கும் வரும். பைத்தியம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடும் விஷயம் அல்ல இது.

2015-16-ஆம் ஆண்டுகளில் தேசிய மனநல ஆய்வு நடந்தது. பெங்களூரில் உள்ள நிமான்ஸ் என்ற அரசு நிறுவனம் நடத்தியது. 13 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளில் 100-க்கு 7 பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக அந்த ஆய்வு சொன்னது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஏறக்குறைய 3 பேர். அந்த 3 பேரில் ஒருவர் நம் பிள்ளையாகவும் இருக்கலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த அடையாளங்களைக் கவனியுங்கள்.

பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொள்கிறதா? விளையாட்டில், பிடித்த சாப்பாட்டில் ஆசை போய்விட்டதா? இரவில் தூக்கம் இல்லையா? அல்லது எப்போதும் தூங்குகிறதா? பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் மட்டும் வயிற்றுவலி, தலைவலி என்கிறதா? சின்ன விஷயத்துக்கும் பெரிய கோபம் வருகிறதா? கையில் தானே கீறிக்கொள்கிறதா? "நான் இருந்து என்ன பயன்" என்று சொல்கிறதா?

ஒரு நாள் இரண்டு நாள் இப்படி இருந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதான். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கவனிக்க வேண்டும்.

கடைசியில் சொன்ன இரண்டு அடையாளங்களுக்கு மட்டும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. சாகப் போகிறேன் என்ற பேச்சை மிரட்டல் என்று தள்ளாதீர்கள். திட்டாதீர்கள். பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதைக் கேளுங்கள். அன்றே உதவி தேடுங்கள். எங்கே தேடுவது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நாலந்தா மாவட்டத்தில் நடந்தது

இதெல்லாம் பணக்காரப் பள்ளிக்கூடங்களுக்குத்தான் முடியும் என்று சிலர் சொல்வார்கள். பீகார் மாநிலத்தில் நாலந்தா மாவட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே 74 அரசுப் பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. 2015-இல் தொடங்கியது. கோவாவைச் சேர்ந்த சங்கத் என்ற தொண்டு நிறுவனம் இதில் ஈடுபட்டது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 13,000 பேருக்கும் மேல் இதில் இருந்தார்கள்.

பள்ளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். முதல் வகைப் பள்ளிகளில் பயிற்சி பெற்ற ஒருவரைப் புதிதாக நியமித்தார்கள். அவர் டாக்டர் அல்ல. ஆசிரியரும் அல்ல. பிள்ளைகளோடு பேசப் பயிற்சி பெற்றவர். மித்ரா என்று அழைத்தார்கள். மித்ரா என்றால் நண்பர். இரண்டாம் வகைப் பள்ளிகளில் அங்குள்ள ஓர் ஆசிரியருக்கே பயிற்சி தந்து அந்த வேலையைக் கொடுத்தார்கள். மூன்றாம் வகைப் பள்ளிகளில் புதிதாக எதுவும் இல்லை. வழக்கமான பாடத்திட்டம் மட்டும்.

மித்ரா என்ன செய்தார்? காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் பேசினார். சுவர்ப் பத்திரிகை நடத்தினார். ஒரு பெட்டி வைத்தார். பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதி அதில் போடலாம். ஆசிரியர்கள், பெற்றோர், பிள்ளைகள் சேர்ந்த குழு ஒன்று கூடிப் பேசியது. ஆசிரியர்களோடு உட்கார்ந்து, பிள்ளைகளை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று பேசினார்கள். தனியாகப் பேச விரும்பிய பிள்ளையோடு தனியாகப் பேசினார்.

என்ன ஆயிற்று? 2018-இல் முடிவு வெளியானது. நண்பர் இருந்த பள்ளிகளில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கொடுமைப்படுத்துவது குறைந்தது. அடிதடி குறைந்தது. மனச்சோர்வும் குறைந்தது. பள்ளி நம்முடைய பள்ளி என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வளர்ந்தது. இரண்டாம் ஆண்டில் பலன் இன்னும் கூடியது. ஆனால் ஆசிரியருக்கே அந்த வேலையைக் கொடுத்த பள்ளிகளில் இந்த மாற்றம் வரவில்லை.

ஏன் வரவில்லை? நீங்களே யோசித்துப் பாருங்கள். ஆசிரியருக்கு ஏற்கெனவே வேலை அதிகம். மேலும், மார்க் போடுகிறவரிடமே மனத்தில் இருப்பதைச் சொல்லப் பிள்ளை தயங்கும் அல்லவா?

இந்தச் சோதனையில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, மனத்தைக் கவனித்த இடத்தில் அடிதடியும் குறைந்தது. ஆகவே ஒழுங்கும் மனநலமும் எதிரிகள் அல்ல. இரண்டு, எல்லாவற்றையும் ஆசிரியர் தலையிலேயே கட்டினால் நடக்காது. அதற்கென்று ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார்?

அவரைத்தான் கவுன்சிலர் என்கிறார்கள். கவுன்சிலர் என்றதும் ஓட்டுக் கேட்டு வரும் வார்டு கவுன்சிலர் என்று நினைக்காதீர்கள். இவர் வேறு. தமிழில் மனநல ஆலோசகர் என்று சொல்லலாம். மனக் கஷ்டத்தைக் கேட்டு வழி சொல்லப் பயிற்சி பெற்றவர்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர்களின் மனநலம் பற்றி ஒரு தீர்ப்பு வழங்கியது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிலையங்களில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்றது. நம் பிள்ளைகளின் பள்ளிகளில் 100 பேருக்கு மேல் படிக்கிறார்கள். ஆகவே "எங்கள் பள்ளியில் ஆலோசகர் யார்? எந்த நாளில் வருவார்?" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

உதவிக்கு யாரைக் கூப்பிடுவது?

இந்த எண்களை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நீங்களே எழுதுங்கள். இப்போதுதான் எழுதத் தெரியுமே.

14416. இது டெலி மானஸ். அரசு நடத்தும் மனநல உதவி எண். 2022 அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கியது. காசு கிடையாது. இரவு பகல் எந்த நேரமும் பேசலாம். தமிழிலும் பேசலாம்.

1098. இது குழந்தைகளுக்கான உதவி எண். பள்ளியில் அடிக்கிறார்கள், கொடுமை செய்கிறார்கள் என்றால் பிள்ளையே கூப்பிடலாம். நாமும் கூப்பிடலாம்.

112. உயிருக்கு ஆபத்து என்றால் இந்த எண்.

மருத்துவமனை வேண்டும் என்றால் தில்ஷாத் கார்டனில் இஹ்பாஸ் இருக்கிறது. அரசு மருத்துவமனை. அங்கே மனநலச் சிகிச்சை தருகிறார்கள். அங்கே போனால் ஊர் என்ன சொல்லும் என்று தயங்காதீர்கள். கண் தெரியவில்லை என்றால் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். இதுவும் அப்படித்தான். மந்திரிக்கப் போவது, பேய் ஓட்டப் போவது என்று நாளைக் கடத்தினால் நோய் முற்றும்.

நம் கையில் இருப்பது

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் இருக்கிறது. எஸ்.எம்.சி. என்று சொல்வார்கள். சட்டப்படி அதில் 4-இல் 3 பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அங்கே நமக்கு நாற்காலி உண்டு. போய் உட்கார வேண்டும்.

கூலி போய்விடுமே என்பீர்கள். உண்மைதான். ஒரு நாள் கூலி நமக்குப் பெரிது. ஆகவே முறை வைத்துக்கொள்வோம். ஒரு கூட்டத்துக்கு நான்கு பேர் போகட்டும். வந்து மற்றவர்களுக்குச் சொல்லட்டும்.

அங்கே போய்ச் சண்டை போட வேண்டாம். ஆசிரியரைக் குற்றவாளியாக நிறுத்த வேண்டாம். நான்கு கேள்விகளைக் கேட்டால் போதும்.

1. பள்ளியின் விதிகள் என்ன? அவை சுவரில் எழுதப்பட்டிருக்கின்றனவா?
2. பிள்ளை தவறு செய்தால் பள்ளி என்ன செய்யும்? எங்களுக்கு எப்போது சொல்வீர்கள்?
3. பிள்ளைகள் குறையை எழுதிப் போடப் பெட்டி இருக்கிறதா? அதை யார் திறக்கிறார்கள்?
4. ஆலோசகர் இருக்கிறாரா? இல்லை என்றால், வேண்டும் என்று குழுவில் தீர்மானம் எழுதுவோமா?

நான்காவது கேள்வி முக்கியம். தீர்மானத்தை எழுத வேண்டும். எழுதியதை நீங்கள் படித்துப் பார்க்க வேண்டும். படித்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். கைநாட்டு வைத்த காலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. இன்று தெரியும்.

வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும் "எத்தனை மார்க்?" என்று கேட்கிறோம். இனி அதற்கு முன்னால், "இன்று எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும் வரை பொறுத்திருங்கள். முதல் நாள் "ஒன்றுமில்லை" என்று சொல்லும். இரண்டாம் நாளும் அப்படியே சொல்லும். விடாமல் கேளுங்கள். என்றாவது ஒரு நாள் சொல்லும். அன்று அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். கேளுங்கள்.

வாத்தியாரிடமும் புதிதாக ஒன்று சொல்வோம். "தோலை உரியுங்கள்" என்று சொல்ல வேண்டாம். "தப்பு செய்தால் கண்டியுங்கள் சார். அடிக்க வேண்டாம். எங்களைக் கூப்பிடுங்கள், நாங்கள் வருகிறோம்" என்று சொல்வோம்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு யார் நான்கு பேர் போவது? பெயரை இன்றே எழுதிவிடலாம். பலகையும் சாக்பீஸும் இங்கேயே இருக்கின்றன. விருப்பம் உள்ளவர்கள் எழுந்து வந்து உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள்.



பேசிப் பார்ப்போம்

1. உங்கள் பிள்ளை பள்ளியில் தண்டனை பெற்றதாகச் சொன்னால் முதலில் என்ன கேட்பீர்கள்?
2. அடிபட்ட பிள்ளைக்கும் அடித்த பிள்ளைக்கும் பள்ளி என்ன செய்ய வேண்டும்?
3. 14416, 1098 ஆகிய எண்கள் எதற்கு? பக்கத்து வீட்டாருக்குச் சொல்லிவிட்டீர்களா?